மாற்றல் கிடைக்காத இந்திராணி டீச்சர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இருவருக்குமாகச் சேர்த்து உலை வைத்திருந்தேன். சிலிம் ரிவர் டவுனில் நானும் இந்திராணி டீச்சரும் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு அது. வார நாள்களில் அங்கிருந்துதான் தோட்டத்துப் பள்ளிக்குப் போவோம். வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருக்கும் தம் குடும்பத்திடம் போகிற டீச்சர் ஞாயிறு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். அன்று அவர் வரவில்லை. அவர் கணவர் அழைத்தார். பையைக் காரில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாராம்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றார். நான் அடுப்பை அணைத்தேன்.

உங்களில் பலர் அவரை 'மயில் டீச்சர்' என்றுதான் அறிவீர்கள். அந்த மயில் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் பள்ளியைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள். இப்போது கண்ணுக்கெட்டியவரை எண்ணெய்க்காக நட்ட செம்பனை. தோட்டத்து ஜனங்கள் டவுனுக்குப் போய்விட, மிஞ்சியது கொஞ்சம் பிள்ளைகள். கலைக்கல்விக்கென்று அலமாரியில் உடைந்த மெழுகு வண்ணக்குச்சிகள்தான் கிடந்தன. வீட்டில் தூக்கிப்போடுவதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். போத்தல், பால் டின், முட்டை அட்டை எதுவானாலும் முதலில் கழுவவேண்டும், பிறகு முகர்ந்து பார்க்கவேண்டும். அதன்பிறகுதான் மேசைமேல் வைக்கலாம். "குப்பைன்னு சொல்லாதீங்க. இது இன்னும் வேல முடியாத சாமான்" என்பார்.

பச்சைப் போத்தல்களைக் கீறி வளைத்துத் தோகை, சவர்க்காரப் போத்தலில் கழுத்து, செம்பனை மட்டையில் முதுகு. பிள்ளைகள் செய்த அந்த மயிலுக்கு மாநிலப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. தலைமையாசிரியர் சாலை முச்சந்தியில் பேனர் கட்டினார். பள்ளியை மூடிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச காலம் வாயடைத்துப் போனார்கள்.

பரிசுக் கோப்பையின் படத்தை டீச்சர் தம் ஈப்போ வீட்டில் காட்டியபோது நானும் உடனிருந்தேன். அவர் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அப்பாவுக்கு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. வார நாள்களில் பெண்ணுக்குப் பின்னல் போட்டுவிடுவதும் அவர்தான். கைப்பேசியை வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "இனிமே ஒங்கள விடவே மாட்டாங்கல்லம்மா?"

அப்படித்தான் ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஈப்போவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தார். ஒவ்வோர் ஆண்டும் தலைமையாசிரியர் அவரை உட்காரவைத்து, "நீங்க போயிட்டா ஸ்கூலுக்கு என்ன இருக்கு டீச்சர்? இன்னும் ஒரு வருஷம் பாருங்க" என்பார். அவர் கெட்டவர் அல்லர். தாம் இருக்கும்போது பள்ளி மூடப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் கெட்டவர். அவரும் மாட்டிக்கொண்டிருந்தார், இவரையும் பிடித்து வைத்திருந்தார். ஆண்டுதோறும் புதிய மயில் செய்யவேண்டியிருந்தது. வருகிறவர்கள் அதைத்தான் பார்க்க வந்தார்கள்.

நான்காம் ஆண்டு மாணவி யாழினி ஒருநாள் தோகைக்குப் போத்தல் வெட்டிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், டவுன் ஸ்கூல்ல பெயிண்ட் அடிக்கிறாங்க. நம்மளுக்கு மட்டும் ஏன் எப்பவும் தூக்கிப் போட்டதே?"

அன்று நாங்கள் வீடு திரும்பும் வழியில், செம்பனைக்கு நடுவே டீச்சர் காரை ஓரங்கட்டி என் பக்கம் திரும்பினார். "செல்வி, இந்தப் புள்ளைங்களுக்கு நான் கலை சொல்லிக் குடுக்கல. இல்லாதத மறைக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். நான் எவ்வளவோ மறுத்துப் பேசினேன். அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் வண்ணமும் தூரிகையும் பெரிய தாளும் கேட்டார். மயிலும் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்தன. முதல் நாள் பிள்ளைகளுக்குத் தூரிகையை அழுத்தவே பயம், வண்ணம் தீர்ந்துவிடுமாம். "அழுத்து. தீந்தா தீரட்டும்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

கல்வி இலாகாவிலிருந்து அதிகாரிகள் வந்த நாளில், மண்டபத்தின் ஒரு பக்கம் மயில், எதிர்ச் சுவரில் ஓவியங்கள். வந்தவர்கள் மயிலோடு படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"ஐயா, இதையும் பாத்துட்டுப் போங்க."

வந்த பெரியவர் சிரித்தபடியே, "இது எல்லா ஸ்கூல்லயும் இருக்கிறதுதானே டீச்சர்" என்றார்.

"ஆமாங்க ஐயா. எல்லா ஸ்கூல்லயும் இருக்கிறது எங்க புள்ளைங்களுக்கும் இருக்கணும்."

சிரிப்பு நின்றது. அவர் சுவரோரமாக ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். பத்திரிகையில் மயில் மட்டுமே வந்தது. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் கலை வகுப்பில் வண்ணம் நிற்கவேயில்லை. போத்தலும் இருந்தது, எதை எடுப்பதென்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். மாற்றல் மட்டும் வரவில்லை.

"டீச்சர், நீங்க போயிருவீங்களாமே?" என்று யாழினி ஒருமுறை கேட்டுவிட்டாள். "இன்னிக்குப் போகல. பிரஷ்ஷக் கழுவு" என்றார். பொய்யும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் அவருடைய தியாகத்தைப் பேசினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் குடும்பத்தையே ஒதுக்கி வைத்தாராம். முன்வரிசையில் அவர் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது கல்லூரிக்குப் போகும் வயது. அவளுக்காகவாவது இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. அம்மா உன்னை ஒதுக்கவில்லை, கண்ணு. ஒவ்வோர் ஆண்டும் உன்னிடம் வரத்தான் கேட்டார். விடவில்லை.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, அடுத்த போட்டியை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஈப்போ பக்கம் பத்து காஜா என்ற ஊரில் என் கணவரும் மகனும் இருக்கிறார்கள். வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் சார், ஆனால் மாற்றலும் கேட்கப்போகிறேன் என்றேன். சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இல்லை.

இந்திராணி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: போகவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது, மறுநாள் காலை மணி அடிக்குமுன் வகுப்பில் இருப்பது.