ரஸ்க் ஜாடி

எங்கள் தெருவுக்கு இப்போதெல்லாம் மீன் ஸ்கூட்டரில் வருகிறது. ஓட்டிவருபவர் வாயே திறப்பதில்லை. பின்னால் கட்டிய தெர்மாகோல் பெட்டியின் மேல் ஒரு சின்ன ஒலிபெருக்கி. யாரோ ஒரு பெண் எங்கோ உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்த குரல், "மீன், மீன், கடல் மீன்" என்று ஒரே இழுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஸ்கூட்டர் நின்றாலும் குரல் நிற்பதில்லை. இன்று காலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர்காரர் வேண்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று நானும் கையாலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். காபி ஆறிப்போயிருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் குரல் எனக்கு ஆகாது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் எல்லாம் என்மேல்தான்.

மீன் வாசனைக்கும் நொச்சி இலை வாசனைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் மூக்குக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தேதான் வரும். இயற்கை மருத்துவம் படித்த சூட்டோடு, ரெட்டியார்பாளையத்தில் மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியைப் பிடித்து நான் வைத்தியம் ஆரம்பித்த காலம் அது. ஓர் அறையில் வயிற்றுக்கு மண் பட்டி போட ஒரு மேசை. இன்னோர் அறையில் தலை மட்டும் வெளியே தெரிகிற நீராவிப் பெட்டி. பின்கட்டில் நொச்சியும் ஆமணக்கும் வேகிற அடுப்பு. முன்னறையில் மேரி. பெயர் எழுதுவது, எண்ணெய் காய்ச்சுவது, துணி அலசுவது எல்லாம் அவள்தான். ஆள் வராத நாட்களில், அதாவது ஆரம்பத்தில் எல்லா நாட்களிலும், ரஸ்க்கை டீயில் நனைத்துத் தின்றபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெருவில் எனக்குச் சேத்து டாக்டர் என்று பெயர். மலச்சிக்கலுக்கு எனிமா கொடுக்கிற விஷயம் வேறு எப்படியோ வெளியே பரவி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எங்கள் போர்டைப் பார்த்ததும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மாடியில் வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. எல்லோருக்கும் அவர் முசியே. காலையில் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு தனக்குத் தானே பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைப்பார். மண் பட்டி போட்டுப் பாருங்களேன் என்று ஒருநாள் கூப்பிட்டேன்.

"மண்ணுக்குள்ள போறதுக்கு இன்னும் நாள் இருக்குதுப்பா. இப்பவே எதுக்குப் பூசிக்கணும்" என்றார்.

எனக்கு ரோஷமாக இருந்தது. இந்த ஊர் ஒருநாள் என்னை டாக்டர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அஞ்சலாட்சி அக்கா வந்தது அப்போதுதான். உப்பளத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து அன்னக்கூடையோடு டெம்போ ஏறி, எங்கள் பக்கத்துத் தெருக்களில் மீன் விற்பவர். ஐம்பதைத் தாண்டியவர். முதல் தெருவில் அவர் கூவினால் நாலாவது தெருவில் பூனை எழுந்து உட்காரும். முழங்கால் இரண்டும் வீங்கி, உட்கார்ந்தால் எழ முடியாமல், வாங்குகிறவர்கள் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். நொச்சி ஒற்றடம், மண் பட்டி, எண்ணெய், கொஞ்சம் மடக்கி நீட்டும் பயிற்சி. மூன்று வாரம் ஆனதும் எங்கள் முன்னறைத் தரையில் உட்கார்ந்து, யார் கையும் பிடிக்காமல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். மேரி அழுதேவிட்டாள். அந்தக் கால் நிஜமாகவே குணமானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததை வைத்து நான் செய்ததெல்லாம் பித்தலாட்டம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அவர் வாயைப் பிடித்துக்கொண்டு நான் ரெட்டியார்பாளையம் முழுக்கப் போனேன். காரப்பொடி மீனை முறத்தில் அள்ளிப் போடும்போதே யாருக்கு மூட்டுவலி, யாருக்கு மலச்சிக்கல் என்று விசாரித்து அனுப்பிவைப்பார். ஒரே மாதத்தில் முன்னறை பெஞ்சு போதவில்லை. அப்புறம் ஒருநாள் கோபமாக வந்தார். நான் எல்லோருக்கும் ஒரு மண்டலம் மீன், கறி கூடாது என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஆள் அனுப்புவன், நீ அவங்கள மீனு தின்னாதன்னு சொல்லுவ. அப்ப நான் கூடைய யார் வூட்ல எறக்கறது, உன் வூட்லயா?"

மறுநாளிலிருந்து, எண்ணெயில்லாமல் ஆவியில் வேகவைத்த மீன் வாரம் இரண்டுமுறை சாப்பிடலாம் என்று பத்தியத்தைத் திருத்தினேன். இந்தத் திருத்தம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஜாடி வந்த கதையைச் சொல்கிறேன். தலைவலிக்குத் தினமும் மாத்திரை போட்டுப் பழகிய ஒருவர், வலி விட்டதும் மிச்ச அட்டையை மேரியின் மேசைமேல் வைத்து, "இனிமே இது எனக்கு எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பையில் போட மனசில்லாமல் மேரி அதைக் காலியான ரஸ்க் ஜாடிக்குள் போட்டுவைத்தாள். பேக்கரியில் இருக்குமே, தகர மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடி, அது. காத்திருந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் வயிற்றெரிச்சல் மாத்திரையைக் கொண்டுவந்து போட்டார். எனக்கு மூளை வேலை செய்தது. ஜாடியை அலசித் துடைத்து, முன்னறை நடுவில் ஒரு ஸ்டூல்மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

பிறகு அது கோயில் உண்டியல் மாதிரி ஆகிவிட்டது. குணமானவர்கள் அட்டையைப் போடுவார்கள், காத்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். "ஜாடியில போட்டாச்சா" என்பதுதான் தெருவில் நலம் விசாரிப்பே. உள்ளூர் கேபிள்காரர்கள் வந்து ஜாடியைப் படம் பிடித்தார்கள். சேத்து டாக்டர் என்ற பெயர் எப்போது போனதென்றே தெரியவில்லை.

நான் யாரிடமும் மாத்திரையை நிறுத்து என்று சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆனால் அதை உள்ளறையில், மெல்லிய குரலில் சொன்னேன். ஜாடி முன்னறையில் இருந்தது.

முசியே ஒருநாள் வாடகை விஷயமாகக் கீழே வந்தவர், ஜாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னென்ன மாத்திர கெடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

பெரும்பாலும் வலி மாத்திரை, கேஸ் மாத்திரை என்றேன். அவர் ஜாடியை வைத்துவிட்டு மாடி ஏறினார். நாலு படி ஏறியதும் மூச்சுக்கு நின்றார். கிழவருக்குப் பொறாமை என்று மேரியிடம் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

எங்கள் வைத்திய நிலையத்துக்கு இரண்டு வயது முடிந்ததற்குச் சின்னதாக ஒரு விழா. சாமியானா, சுண்டல், கருப்பட்டிப் பானகம். கேபிள்காரர் கேமராவோடு வந்திருந்தார். மைக்கை வாங்கிப் பேசியவர்களில் அஞ்சலாட்சி அக்காவுக்குத்தான் மைக்கே தேவைப்படவில்லை. கால் சரியான கதையைச் சொன்னார். சிரிக்கவைத்தார். அப்புறம் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஓர் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இத்தோட ஆஸ்பத்திரி வரிசைக்கு நான் கும்புடு போட்டுட்டேன்."

அதை ஜாடிக்குள் போட்டார். கால்வலி மாத்திரை எனக்குத் தெரியும், நீளமாகப் பெரிதாக இருக்கும். இது பொடிசான மாத்திரை. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் அவர் மாதாமாதம் வரிசையில் நின்று வாங்குகிற பிரஷர் மாத்திரை. கண்ணாடிக்குள் அது விழும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நொடியில் கேமரா என் பக்கம் திரும்பியது. அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில், அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும்போது எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கைதட்டினேன்.

மறுநாள் சொல்லவும் செய்தேன். கூடையோடு வந்தவரை உட்காரவைத்து, பிரஷர் மாத்திரை வேறு, அதைப் பாதியில் விடக்கூடாது என்று சொன்னேன்.

"நீயே கை தட்டுன, தம்பி" என்று சிரித்தார். "எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்."

அன்றே முசியேவின் பிரஷர் பட்டையை இரவல் வாங்கிப் பார்த்திருக்கலாம். அக்காவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கலாம். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நான் இன்னொருமுறை சொன்னேன், அவர் இன்னொருமுறை சிரித்தார், கூடையைத் தூக்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் ஒரு மகளிர் மன்றத்தில் மருந்தில்லா வாழ்வு என்ற தலைப்பில் பேசப் போயிருந்தேன். சால்வை போட்டார்கள். அதை மடிக்கக்கூட இல்லாமல் தோளில் போட்டபடியே திரும்பி வந்தால், நிலைய வாசலில் மீன்கூடை கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அஞ்சலாட்சி அக்கா. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் வைத்தது வைத்தபடி கிடந்தது. தலையில் மேரி ஈரத்துணிப் பட்டி சுற்றியிருந்தாள்.

எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டேன். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். பக்கத்துத் தெருவில் மீன் போட்டுக்கொண்டிருக்கும்போது சாய்ந்திருக்கிறார். கதிர்காமத்து ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். மீன் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, கூடையையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருத்தி சொன்னாளாம், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"நீங்க வந்தா சரியாப் போயிடும்னுதான் டாக்டர், காத்துகினு இருந்தோம்."

இந்த ஊர் என்னை முழுமனசோடு ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். அதற்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் என்று முன்பே சொன்னேன்.

ஆட்டோவில் என் மடியில் அவர் தலை இருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பயத்தில் பிடித்த பிடி இல்லை, நம்பிப் பிடித்த பிடி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர், பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று கேட்டார். நிறுத்திவிட்டார்கள் என்றேன். யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், குப்பத்திலிருந்து ஓடிவந்திருந்த அக்காவின் மகள் முந்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லல சார். எங்கம்மாவே நிறுத்திடுச்சி. இவரு ரொம்ப நல்ல டாக்டர்."

அவளை நான் திருத்தவில்லை. சால்வை அப்போதும் தோளில்தான் இருந்தது.

மறுநாள் நிலையத்தைத் திறக்கவில்லை. ஜாடியைத் தரையில் கவிழ்த்து, நானும் மேரியும் ஒவ்வோர் அட்டையாகப் பிரித்துப் பார்த்தோம். வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்தான் அதிகம், நான் முசியேவிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரைகள் இருந்தன. பிரஷர் இருந்தது. வலிப்பு மாத்திரை ஓர் அட்டை, இரண்டே மாத்திரை எடுத்தது, அப்படியே இருந்தது. யார் போட்டது என்று மேரிக்கு நினைவிருந்தவரை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சிலர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பலர் என்னைப் பார்த்த பார்வை வேறு. நீங்களே அங்கே போகச் சொன்னால் அப்புறம் உங்களிடம் எதற்கு வரவேண்டும் என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். வலிப்பு மாத்திரைக்காரரின் வீட்டை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றும் டெம்போவில் அவர் வயதில் யாராவது ஏறினால் முகத்தைப் பார்ப்பேன்.

அஞ்சலாட்சி அக்கா சாகும்வரை ஒன்றரை வருடம் படுத்திருந்தார். பேச்சு திரும்பவில்லை. வாரம் ஒருமுறை போய்க் கைகாலுக்கு எண்ணெய் தடவி மடக்கி நீட்டிவிடுவேன். போகும்போதெல்லாம் மகள் நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டுத்தான் அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். இல்லை, சாப்பிடாததால்தான், என்னால்தான் என்று ஒருநாள் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் அம்மாவின் காலைத் துணியால் மூடினாள்.

"தெரியும் சார். நான் கடலோரம் கெடக்கிறவ, நீங்கல்லாம் கைதட்டுனப்ப வேணாம்னு சொல்ல அந்த எடத்துல நான் இல்ல" என்றாள். அப்புறம் எப்போதும்போல டீ போட எழுந்து போனாள்.

நிலையம் இப்போது வேறு இடத்தில், பெரிதாக, கண்ணாடிக் கதவோடு இருக்கிறது. உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் பிரஷர் பார்க்கிறோம், என்னென்ன மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம், ஒன்றையும் நிறுத்தாதீர்கள் என்று முன்னறையிலேயே சத்தமாகச் சொல்கிறேன். மேரி கல்யாணம் கட்டிக்கொண்டு காரைக்கால் போய்விட்டாள். முசியே போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நொச்சி இப்போது எண்ணெயாகவே புட்டியில் வருகிறது, அடுப்பு கிடையாது, வாசனையும் அவ்வளவாகக் கிடையாது. தலையில் கூடையோடு, தன் வாயால் கூவிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் யாருமே இல்லை.

அக்காவின் குரல் மிச்சமிருப்பது ஒரே இடத்தில்தான். விழா முடிந்ததும் கேபிள்காரர் எனக்கு ஒரு சிடி கொடுத்தார். அதைப் போட்டுப் பார்க்கிற கருவி இப்போது வீட்டில் இல்லை. வாங்கவும் இல்லை. மகள் போன வருடம்கூட, அம்மா பேசினது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா சார், பேரப்பிள்ளைகள் அது குரலைக் கேட்டதே இல்லை என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அது என் மேசை டிராயரில், கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அதில் அக்கா பேசி முடித்து அட்டையைப் போட்டதும், ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நொடி சும்மா இருப்பார்கள். அப்போது ஓர் ஆள் மட்டும் தனியாகக் கைதட்டுகிற சத்தம் கேட்கும். பிறகுதான் மற்றவர்கள் தட்டுவார்கள்.