மேடுபள்ளம் கேட்டு ஒரு மகஜர்

மலைநாட்டில் பிறந்தவன் மேடுபள்ளம் வேண்டும் என்று மகஜர் கொடுக்கும் காலமும் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நாங்கள் கொடுத்தோம். அதற்குக் கையெழுத்து வேட்டை வேறு நடத்தினோம்.

கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுவது என் தொழில். வாரம் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்து வளைந்த முதுகை ஞாயிற்றுக்கிழமை கல்லிலும் சேற்றிலும் போட்டு நிமிர்த்துவேன். அதற்கென்றே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். மலை ஏறவும் ஓடையில் இறங்கவும் செய்த வண்டி. என்னைப்போல் புத்தி பேதலித்தவர்கள் ஏழெட்டுப் பேர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு உதிரிப்பாகக் கடையில் கூடுவோம். கடைக்கார நானா சாமானும் விற்பார், புத்தியும் சொல்வார். நாங்கள் சாமானை மட்டும் வாங்குவோம்.

“நல்லா ஒடச்சிக்கொண்டு வாங்க, எனக்கு யாவாரம் நல்லம். ஒங்கட உம்மாமாருக்குத்தான் கவல” என்பார்.

எங்களில் உண்மையாக ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைப்பவன். அவன் மேட்டில் ஏறி, காற்றில் பறந்து, அலுங்காமல் இறங்குவதைப் பார்த்தால், நாமெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். சனியன் என்னவென்றால், தேயிலைக்குள் ஓட்டுவது அத்துமீறல். இரண்டு தடவை பொலிஸில் மாட்டினான். இன்னொரு தடவை வந்தால் லைசன்ஸை ரத்துச் செய்வேன் என்று நீதவான் சொல்லிவிட்டார். லைசன்ஸ் போனால் வேன் போகும். வேன் போனால் வீட்டில் அடுப்பெரியாது.

விட்டுத் தொலையடா என்றோம். விட்டான், ஒரு மாதம். அந்த மாத முடிவில் அவன் பெண்சாதி எனக்குப் போன் எடுத்தாள். “அண்ணே, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல மொகத்த தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு, பாக்க முடியல.”

அப்படித்தான் போராட்டம் பிறந்தது. பொலிஸ் துரத்தாமல் யாரும் வந்து ஓட்ட, பொது இடம் ஒன்று வேண்டும். இடமும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அவனுடைய லயத்துக்குப் பின்னால் கைவிட்ட தேயிலை மலை. அரசாங்கக் காணி. மானாப்புல், மழை அரித்த பள்ளங்கள், பாறை, நடுவில் ஆள் உயர மேடு ஒன்று. அந்த மேட்டிலிருந்துதான் அவன் பறக்கப் பழகினான்.

கண்டிக் காணி அலுவலகத்தில் உத்தியோகத்தர் மகஜரை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மரியாதையாகவே சிங்களத்தில் கேட்டார்: “ரோடு கேட்டு வந்தவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். ரோடு இல்லாத இடம் வேண்டுமென்று வந்தது நீங்கள்தான். இப்போது இருக்கிற ரோடுகள் போதவில்லையா?” அவர் எங்களைத் தெல்தெனியவுக்கு அனுப்பினார். தெல்தெனியவில் கண்டிக்கே போகச் சொன்னார்கள். போய்வந்த ரோடுகளின் குண்டுகுழிகளைப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான்.

தேர்தல் கிட்ட வந்ததும் மகஜருக்கு உயிர் வந்தது. அரசியல்வாதி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்து, அங்கேயே அறிவிப்பதாகச் சொன்னார். எங்கள் திட்டம் எளிது. நம்மாள் அந்த மேட்டில் ஏறிப் பறப்பான், ஐயா வாயைப் பிளப்பார், காணி கிடைக்கும்.

ஞாயிறு காலை நாங்கள் போய் இறங்கியபோது மலையைக் காணோம்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் தோட்டத்தில் சிரமதானம் செய்யாமல் விடுவார்களா? சனிக்கிழமையே லயத்துச் சனம் முழுக்க மண்வெட்டியோடு திரண்டிருக்கிறது. புல்லைச் செதுக்கி, பள்ளத்தை நிரப்பி, கல்லைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கிச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். முகப்பில் வாழைமரம். தோட்டத் தலைவர் பூரித்துப்போய் வந்தார். “பாத்தீங்களா, பேருக்கு ஒரு பள்ளம் இல்ல. ஐயா செருப்புல மண்ணு ஒட்டாது!”

நம்மாள் கையெல்லாம் கொப்புளமாக நின்றான். “நீயுமாடா?” என்றேன்.

“எனக்காக ஐயா வர்றாருன்னு, கொழுந்தெடுத்துட்டு வந்த களைப்போட மம்பட்டிய தூக்கிட்டு வந்துட்டாங்கண்ணே. வேணாம்னு எந்த வாயால சொல்றது?”

“அந்த மேடு?”

“அத நானே வெட்டிட்டேன். இன்னொருத்தர் வெட்டுறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

ஐயா வந்தார். தப்பு முழங்கியது. நாலாபுறமும் பார்த்தார். மலையில் இவ்வளவு சமதளமான இடமா என்று அதிசயித்து, அந்த நிமிடமே விளையாட்டு மைதானம் என்று அறிவித்தார். சனம் ஆர்ப்பரித்தது. அந்தத் தோட்டத்துக்கு அதுவரை மைதானமே இருந்ததில்லை. ஆகவே கோபப்படவும் வழியில்லை. இடத்தை வாங்கிக் கொடுத்தவன் என்று நம்மாளுக்கு மாலை விழுந்தது.

“ஏதோ மோட்டர் சைக்கிள்னு சொன்னீங்களே, ஓட்டிக் காட்டுங்க” என்றார் ஐயா பெருந்தன்மையாக.

மாலையும் கழுத்துமாக அவன் ஒரு சுற்று வந்தான். சின்னப் பிள்ளை சைக்கிள் பழகுகிற மாதிரி, மெதுவாக, சுண்ணாம்புக் கல்லில் முட்டாமல். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இறங்கியதும் தன் வண்டிச் சாவியை என் கையில் வைத்தான். “நீங்களே வித்துருங்கண்ணே. நான் விக்கப் போனா மனசு மாறிரும். வண்டி வீட்டுல இருந்தா திரும்பத் தேயிலைக்குள்ளதான் எறங்குவேன். எனக்கு லைசன்ஸ் வேணும்.”

அதற்குள் தலைவர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஒனக்கு வேற என்ன வேணுமோ கூச்சப்படாம சொல்லு. இதே மாதிரி எல்லாருமா சேந்து செஞ்சி குடுக்குறோம்.”

“ஒண்ணும் வேணாங்க தலைவரே” என்று அவன் கும்பிட்டான். நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.