வடிமடை திறந்த ஞாயிறு

பாலிடெக்னிக்கில் வருடாவருடம் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறேன். பிராசஸர் ஒரு கட்டளையை எடுக்கும், என்னவென்று பார்க்கும், செய்யும், அடுத்ததை எடுக்கும். முதலுக்குத் திரும்பு என்றால் திரும்பும். எதற்கு என்று கேட்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

பூதலூர்ப் பக்கம் அண்ணன் சம்பாவுக்கு நாற்று விட்டார். மோட்டாரில் புதிதாக ஓர் ஆட்டோமேட்டிக் பெட்டி. நாற்றங்காலில் ஊன்றிய கம்பிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் பெட்டிக்குள் இருக்கும் சிப் மோட்டாரைப் போடும். ஏறினால் நிறுத்தும்.

முளைகட்டிய விதையைத் தெளித்தால் மறுநாள் காலை தண்ணீரை வடிக்க வேண்டும். அப்போதுதான் விதை சேற்றில் வேர் ஊன்றும். அண்ணன் வழக்கம்போல வடிமடையைத் திறந்துவிட்டு உரக்கடைக்குப் போய்விட்டார். மோட்டாரை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் தானாக நிற்குமே.

அன்று ஞாயிறு. நான் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைவா? ஆமாம். மோட்டாரைப் போடு. திரும்பப் பார். இன்னும் குறைவா? ஆமாம். மடை திறந்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய் வடிகாலில் குவிந்து கிடந்தது. மைனாக்கள் தின்றுகொண்டிருந்தன.

ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். பெட்டி மாட்டியவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ப்ரோகிராம் கரெக்டாத்தான் ஓடியிருக்கு மேடம்" என்றான்.

வகுப்பில் நான் சொல்லும் அதே வாக்கியம். நாற்றங்காலுக்கு எப்போது தண்ணீர் வைப்பீர்கள், எப்போது வடிப்பீர்கள் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எந்த ஊர் வயல் என்றாவது பார்த்திருப்பானா?

அண்ணன் வந்ததும் பெட்டியை உடைக்க மண்வெட்டியை ஓங்கினார். சிப் மேல் தப்பில்லை, சொன்னதைத்தான் செய்தது, மாட்டியவனும் ப்ரோகிராம் சரி என்கிறான் என்று தடுத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அது மேலயும் தப்பு இல்ல, அவன் மேலயும் தப்பு இல்ல. அப்ப வெதை தானா எந்திரிச்சு நடந்து போச்சா?"

வீட்டில் மிச்சமிருந்தது அரை மூட்டை விதைநெல். பாதி நிலத்துக்குத்தான் வரும், மீதி தரிசுதான் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணன் மண்வெட்டியைப் போட்டார்.

"வயரைக் கழட்டு. கழட்டிட்டு வந்து சாக்கைப் பிடி. ஊறப் போடணும்."

கழற்றினேன். அந்த வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. விதை ஊறி முளைகட்டியதும் தெளித்து, மறுநாள் காலை தண்ணீர் வடிந்து முடியும்வரை மடைவாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.