சர்க்கரை போட்ட ஒயின்

வாலாஜாபாத் பக்கத்துச் சின்ன சர்ச்சில் இராப்போஜனத்துக்குக் கொடுக்கும் திராட்சை ரசத்தைப் போடுவது கிளியம்மாள்தான். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கிராம்பு, ஒரு பீங்கான் ஜாடி. அந்த இனிப்புக்காகவே சில பேர் மனந்திரும்புகிறார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. கிளியம்மாள் அதை மறுத்ததில்லை.

அவள் புருஷன் தாவீது மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு டிரைவர். 1991-ல் அங்கே மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். அவர் முந்தின நாளே ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார்.

"அவுங்க ஊரு கடலோரம், எப்பவும் குளுராம். சொந்தத் தோட்டத்துத் திராட்சையாம். நாளைக்கு எல்லாரும் சேந்து குடிக்கணும்னாரு," என்றான் தாவீது.

ரசம் போடுகிறவள் ருசி பார்க்காமல் இருப்பாளா? தக்கையைத் திருப்புளியால் நெம்பி, அரை டம்ளர் ஊற்றி, ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிக்கொண்டது.

"இன்னாய்யா இது, காய் நாவப்பழம் மாதிரி துவர்க்குது. கப்பல்ல வந்து கெட்டுப்போச்சு."

"அப்ப கொட்டிடு."

"ஆசையா குட்த்துகீறாரு. நாலு பேரு எதிர்ல அவருக்கு அவமானமா பூடும். நான் சரி பண்றேன்."

சரி பண்ணினாள். தாராளமாகச் சர்க்கரை, கிராம்பு, அடுப்பில் ஒரு கொதி. வடிகட்டிச் சொம்பில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் இன்ஜினியர் டம்ளரை வாயில் வைத்தார். அப்படியே நின்றார். பிறகு மரியாதைக்கு முழுவதையும் குடித்துவிட்டு, தாவீதிடம் ஏதோ கேட்டார். தாவீது தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னான். அவர் சொன்ன பதிலை மட்டும் அவன் உடனே தமிழாக்கவில்லை.

"இன்னா சொல்றாரு?"

"கெட்டுப்போவலையாம். அது துவர்ப்பாத்தான் இருக்குமாம்." தாவீது தரையைப் பார்த்தான். "அவங்கப்பா போட்டதாம். போன வருசம் செத்துப் பூட்டாராம் அவரு. இதான் கடைசி பாட்டிலு."

யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பாள். அந்த வித்தையில் கிளியம்மாளை ஜெயிக்க ஊரில் ஆளில்லை. யாரும் திட்டவில்லை. காது மடல் எரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சாக்ஸைப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதைப் பார்த்ததும் இன்னும் கூசிப்போனாள்.

சட்டென்று ஞாபகம் வந்தது. நேற்று ருசி பார்த்த டம்ளர். மிச்சம் புளித்தால் ஊறுகாய்க்கு ஆகும் என்று ஜன்னலில் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். உள்ளே ஓடினாள். சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து வந்து நீட்டினாள்.

"இதுல நான் ஒண்ணும் போடல சார்."

அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தார். பிறகு மிச்சத்தை அவளிடமே நீட்டினார்.

நாக்கை இழுத்துப் பிடித்தது துவர்ப்பு. கிளியம்மாள் முகம் சுளிக்காமல் குடித்தாள், அடி வரைக்கும்.