பத்து இன்ச் ஏழு நூல்

மண்ணூர்பேட்டை வீரராகவனுக்கு வயது நாற்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு வெட்டி வளைத்து மெஷின்களுக்குச் சட்டம் செய்து தருகிற ஒரு பட்டறையில் தரச் சோதனை ஆய்வாளர். இருபத்து நான்கு வருஷமாக அடுத்தவர் செய்ததை அளந்து பார்த்து, "ஆகாது" என்று திருப்பி அனுப்புவதுதான் தொழில். மனித குலத்துக்கு இதைவிட மேலான சேவை இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவர்களுக்கு அளவெடுக்கத் தெரியாது.

பட்டறையில் அவரிடம் அதிகமாக அடிபட்டவர் வெல்டர் கார்த்திகேசன். ஒருமுறை ஒரு நூல் அளவு கூடிப்போன சட்டத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீரராகவன் அரை மணி நேரம் பேசினார். ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, நூல். "ஒரு நூல்தான சார்?" என்று கார்த்திகேசன் கேட்டுவிட்டார். "ஒரு நூல் தப்புனா போற வண்டி கவுந்துடும்யா!" என்றார் வீரராகவன். அது தண்ணீர் கேன் வைக்கிற சட்டம். எங்கேயும் போகிற உத்தேசம் அதற்கு இல்லை.

வீரராகவனின் இன்னொரு வாழ்க்கை கம்ப்யூட்டருக்குள் நடந்தது. உலகத்தில் இருக்கிற ரேஸ் விளையாட்டுகளில் எல்லாம் யாரோ ஒருவர் பளபளக்கும் காரை எங்கேயோ வெளிநாட்டில் ஓட்டுகிறார். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவனின் வீரத்தை எவனும் கண்டுகொள்ளவில்லை. அந்த வரலாற்றுப் பிழையைச் சரிசெய்ய, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு அவரே ஒரு விளையாட்டைச் செய்தார். ஒரே வண்டி, ஒரே பாதை. ஏறுகிற ஆளின் எடைக்கு ஏற்ப வண்டி சாயும். பிரேக் அடித்தால் பின்சீட்டில் இருப்பவர் திட்டுவார். திட்டுகிற குரல் அவர் மனைவி சுரேகாவுடையது, ஒத்திகை தேவைப்படவில்லை.

துல்லியம்தான் அவர் பெருமை. பாதையை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டேப் பிடித்து அளந்தார். மறுமுனையைச் சுரேகா பிடித்தாள். ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஊரே நம்பியது. டிபன் கடை நாகம்மா இரண்டு இட்லி கூட வைத்து, "நைனா, நம்ம கடை கீத்த மட்டும் உட்டுரு" என்று கேட்டுக்கொண்டாள். வளைவில் இருந்த ஒரு வீட்டுக்காரர், வந்து இடிப்பதற்குள் தானே மரியாதையாக இடித்துவிடலாம் என்று வாசற்படியை எடுத்துவிட்டார். அதனால் அந்த இடத்தில் ரோடு நிஜமாகவே இரண்டடி அகலமாகிவிட, வீரராகவன் மறுபடியும் போய் அளக்க வேண்டியிருந்தது.

வண்டியையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பாதையில் நிஜமாகவே ஷேர் வேன் ஓட்டுகிற நிர்மலின் வண்டியை, அவன் வீட்டு வாசலிலேயே குத்துக்காலிட்டு அளந்தார். வலது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. ஆகவே இடது சக்கரத்தை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். வலது சக்கரத்தின் அளவை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொண்டார். இரண்டு எண்ணும் கொஞ்சம் வேறுபட்டன. இடது டயர் தேய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டினார். தேய்மானத்தைக்கூட விடாமல் பிடித்த தன் கண்ணை நினைத்து அன்றைக்கு அவருக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

விளையாட்டு ஓடியபோது வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. ஆடியவர்கள் சொக்கிப்போனார்கள். "நம்ம வண்டி அப்டியே இப்டித்தான் இழுக்குது அண்ணாத்தே, எப்டி கண்டுகினே?" என்றான் நிர்மல். வீரராகவன் அடக்கமாகப் பதினான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி ஆட்டக்காரர்களின் வாட்சப் குழுவில் போட்டார். ரோடு ஓரம் சரிந்திருப்பது, இடது கதவில் ஆட்கள் தொங்குவது, டயர் தேய்வது என்று மூன்று காரணங்கள், ஏழு படங்கள். முழுக்கப் படித்தவர் அவர் ஒருவரே என்றாலும், முப்பத்தொரு பேரும் கும்பிடு போட்டார்கள். அவரையும் சேர்த்து முப்பத்தொரு பேர்தான் குழு. வருஷா வருஷம் விஜயதசமி அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு பந்தயம். ஜெயித்தவருக்குக் கோப்பை. ஒன்பது வருஷமாக வீரராகவன் தன்னை 'நிறுவனர்' என்று குறிப்பிட்டுக்கொண்டது இந்த ஒரு இடத்தில்தான்.

இந்த வருஷம் அடிமடியிலேயே கை வைத்தது காலம்.

விளையாட்டுக்குள் ரோடு எங்கே, வண்டி எங்கே, மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற அடிப்படை மென்பொருளுக்குத்தான் கேம் என்ஜின் என்று பெயர். வீரராகவன் பயன்படுத்திய என்ஜினைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு விளையாட்டு திறக்கவே இல்லை. கறுப்புத் திரைதான் வந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் கிரண், குழுவில் மரியாதையாக எழுதினான்: "சார், பாதிப் பேருக்கு ஓப்பன் ஆகல. விஜயதசமிக்குள்ள சரியாகலன்னா எல்லாரும் சேர்ந்து வேற கேமுக்குப் போயிடலாமான்னு பேசிட்டு இருக்கோம். தப்பா நினைக்காதீங்க."

வீரராகவன் தப்பாகத்தான் நினைத்தார். மற்ற முப்பது பேரும் போய்விட்டால் அவர் வெறும் தரச் சோதனைக்காரர். உடனே அறிவித்தார்: "புது என்ஜின். நாற்பது நாள். விஜயதசமிக் கோப்பை அதில்தான்."

எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கிருஷ்ணப்பிரியா இதைக் கேட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆறு மாசம் ஆவும்பா."

"உங்க கம்பெனில ஆவும்" என்றார் வீரராகவன்.

முதல் வாரம், புது என்ஜினில் வேனை வைத்தவுடன் அது ரோட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. பயணிகள் யாரும் பதறவில்லை. பத்து நிமிஷம் கழித்தும் விழுந்துகொண்டிருந்த வேனைப் பார்த்து, "எங்கங்க போவுது?" என்று கேட்டாள் சுரேகா. "அது போற எடத்துக்குத்தான் நானும்" என்றார் அவர். இரண்டாம் வாரம் வேன் ரோட்டில் நின்றது. ஆனால் பயணிகள் கூரைமேல் நின்றார்கள், பூந்தமல்லி வரைக்கும். மூன்றாம் வாரம் நாகம்மாவின் டிபன் கடை தலைகீழாக வந்தது. இட்லி மட்டும் தட்டைவிட்டு விழவில்லை.

பழைய ஃபைல்களைப் புது என்ஜின் ஏற்காததால், ஒரு ஞாயிறு முழுக்க அவர் அளவு நோட்டை வாய்விட்டுப் படிக்க, கிருஷ்ணப்பிரியா எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றித் தட்டினாள். அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. முப்பத்தைந்தாம் நாள் வேன் திருவேற்காட்டிலிருந்து கிளம்பியது. ஆட்கள் உள்ளே இருந்தார்கள். பின்சீட்டிலிருந்து சுரேகா திட்டினாள். வேன் நேராகப் போனது.

நேராக!

வீரராகவனுக்கு வியர்த்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பார்த்தார். அம்பு மாதிரி போனது. சந்தேகமே இல்லை, புது என்ஜின் கோளாறு. அந்த என்ஜின்காரர்களின் இணையப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினார்: உங்கள் என்ஜினுக்கு இடது பக்கம் இழுக்கத் தெரியவில்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: உங்கள் அளவுகளைச் சரிபார்க்கவும்.

"என்னப் பாத்து! அளவ சரிபாருன்றான்! என்னப் பாத்து!" வீட்டுக்குள் மூன்று சுற்று நடந்தார்.

கிருஷ்ணப்பிரியா பழைய ஃபைலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பழசுல லெஃப்ட் வீல் பத்து புள்ளி ஏழுன்னு போட்டுக்கிறீங்க. எனக்குப் படிச்சப்போ பத்து இன்ச் ஏழு நூல்னு சொன்னீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. பட்டறைல அப்டித்தான் எழுதுவோம்."

அவள் எண்களைத் தட்டினாள். கால்குலேட்டரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஏழு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஏழு பங்கு. பத்து புள்ளி எட்டு ஏழு ஐந்து. வலது சக்கரத்துக்குப் புத்தகத்தில் போட்டிருந்ததும் அதேதான். நிர்மலின் டயர் தேயவே இல்லை. பட்டறைப் பழக்கத்தில் நோட்டில் எழுதியதை, கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பதை மறந்து அப்படியே தட்டியிருக்கிறார். ஒன்பது வருஷமாக வேன் ஒரு சின்னச் சக்கரத்தோடு நொண்டிக்கொண்டிருந்தது.

"அப்போ அந்தப் பதினாலு பக்கம்?" என்றாள் சுரேகா.

வீரராகவன் எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிட ஆரம்பித்திருக்கவில்லை.

சரி, தப்பு தானாகவே திருந்திவிட்டது. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு புது விளையாட்டைக் குழுவில் விட்டார். ஒரு மணி நேரத்தில் குழு கொந்தளித்தது. முப்பது பேரும் முதல் வளைவிலேயே வலது பக்கச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷமாக இடது இழுப்புக்கு எதிராக வலது பக்கம் ஒடித்துப் பழகிய கைகள்.

நிர்மல் போனே போட்டுவிட்டான். "இன்னா அண்ணாத்தே வண்டி இது? ரைட்டுலயே பூந்துகினு கீது! நம்ம வண்டி எங்க?"

"இதான்டா கரெக்டு."

"கரெக்டு யாருக்கு வோணும்? நம்ம வண்டியக் குடு."

கிரண் அதைவிட மரியாதையாக எழுதியிருந்தான்: "சார், இது நம்ம வேன் மாதிரி இல்ல. இதுக்குப் புதுசா பழகணும்னா, வேற கேமே பழகிக்கலாமே?"

பழைய எண்ணைத் திரும்பப் போட அரை நிமிஷம் போதும். போட்டுவிட்டு, "உங்கள் கோரிக்கையை ஏற்றுப் புது என்ஜினுக்கு இழுப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டேன்" என்று அறிவிக்கலாம். அப்படித்தான் எழுதினார். அனுப்பவில்லை. கொஞ்சம் மாற்றி, பழியை ரோட்டின்மேல் போட்டுப் பார்த்தார். அதையும் அனுப்பவில்லை. அனுப்ப முடியாததற்குக் காரணம் நேர்மை என்று சொல்ல அவருக்கு ஆசைதான். நிஜக் காரணம் கார்த்திகேசனின் தண்ணீர் கேன் சட்டம். அது எதிரே வந்து நின்றது. கொஞ்சம்கூட ஆடாமல் நின்றது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அளவு தவறிப்போன சரக்கை, வாங்குகிறவர் "பரவாயில்லை, இப்படியே கொடு" என்று சொன்னால், சும்மா அனுப்பிவிட முடியாது. டீவியேஷன் சீட்டு என்று ஒரு மஞ்சள் தாள் நிரப்ப வேண்டும். இருக்க வேண்டிய அளவு, இருக்கிற அளவு, தப்பு அளவு, தவறுக்குக் காரணம், செய்தவர் கையெழுத்து; கூடவே, வேலையில் அனுபவம் உள்ள இன்னொருவர் சரிபார்த்து ஒரு கையெழுத்து. இருபத்து நான்கு வருஷத்தில் நூற்றுக்கணக்கான பேரைச் 'செய்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார் வீரராகவன். தான் போட்டதில்லை.

ஆயுத பூஜை அன்று காலை, பட்டறையில் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். வீரராகவன் மஞ்சள் தாளோடு கார்த்திகேசன் பக்கத்தில் போய் நின்றார். விஷயத்தைச் சொன்னார். முடிந்தவரை வேகமாகச் சொன்னார்.

கார்த்திகேசன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். அவசரமே இல்லாமல் படித்தார். கண்ணாடி எடுத்து வந்து மறுபடி படித்தார்.

"ஒம்போது வருஷமா சார்?"

"ஆமாய்யா."

"தப்பு அளவுன்ற எடத்துல இன்னா எழுதிக்கிறீங்க? ஒரு நூலா?"

"ஏறக்குறைய."

"ஏறக்குறைய எல்லாம் எழுதக் கூடாது சார். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க." பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "ஒண்ணு புள்ளி நாலு நூல் வருது. ஒரு நூலுக்கே வண்டி கவுந்துடும்னீங்க. இது ஓடிக்கினு கீதே, எப்டி சார்?"

வீரராகவன் தாளில் அடித்துவிட்டு ஒன்று புள்ளி நான்கு என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'ஆய்வாளர் அளவெடுத்தார்' என்று எழுதி, 'செய்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார். கார்த்திகேசன் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார். பெரியதாக, சாய்வாக, பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் போகிற மாதிரி போட்டார். பொரி பொட்டலம் ஒன்றையும் அவர் கையில் வைத்தார்.

மத்தியானம் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார் வீரராகவன். பழைய எண்ணோடு விளையாட்டையும் ஏற்றினார். ஏற்றி முடிப்பதற்கும் சுரேகா லேப்டாப்பைப் பூஜைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கும் சரியாக இருந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அந்த ஒரு ராத்திரி, குழுவில் என்ன சொல்கிறார்கள் என்று போனையும் எடுக்காமல், அதையும் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்துவிட்டுத் தூங்கினார்.

காலையில் பார்த்தால் முப்பது செய்திகள். பதினான்கு பக்கக் கட்டுரையை யாரோ தேடி எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'ஆய்வாளர் அளவெடுத்தார்' என்று போட்டிருந்தார்கள். கிரண் கடைசியாக எழுதியிருந்தான்: "சார், வேன் சூப்பர். பத்து மணிக்கு எல்லாரும் ரெடி. எங்கயும் போகல."

பத்து மணிக்குப் பந்தயம் தொடங்கியது. முப்பத்தொரு வேன். அவர் லேப்டாப் கேமராவில் சுரேகா வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. வண்டிகள் கிளம்பின. இடது பக்கம் இழுத்தன. முப்பது பேரின் கைகள் பழகிய பழக்கத்தில் வலது பக்கம் லேசாக ஒடிக்க, முப்பது வேன்களும் வளைவில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின.

ஒரே ஒரு வேன் மட்டும் இடது பக்கம் இருந்த நாகம்மாவின் டிபன் கடைக்குள் போய்ப் புகுந்தது. கடந்த ஐந்து நாளாக, இரவு பகலாக, நேராகப் போகும் வண்டியை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு ஆளுடைய வேன்.

பின்சீட்டிலிருந்து சுரேகா திட்டினாள். அறைக்குள்ளிருந்தும் திட்டினாள்.

நிர்மல் ஹெட்ஃபோனில் கத்தினான்: "அண்ணாத்தே! லெஃப்ட்ல இழுக்கும், பாத்து! சீட்டுல நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கிறியே, படிக்கலியா?"

வீரராகவன் ரிவர்ஸ் எடுத்தார். கடைக்குள் இட்லி ஒன்றுகூட விழவில்லை. அந்த அளவு மட்டும் மிகச் சரியாக இருந்தது.