ஒரு சாண் கம்பி

என் மேசைக்கு அடியில் ஒரு கம்பி கிடக்கிறது. இரண்டடி நீளம். மேல்பகுதியில் பழைய சேலைத்துணி சுற்றியிருக்கிறது. அடியில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் சிமெண்டு ஒட்டிச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அந்த ஒரு சாணைத்தான் நான் தூண் என்று படம் வரைந்தேன். என் மதினி செத்துப்போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டைக் கட்டியவர் என் அண்ணன். ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவர். செம்மண் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், அதன்மேல் தளம். தூணே கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால்தான் வீட்டுக்கு மரியாதை. 'பின்னால மாடி எடுப்பாக' என்று தெரு பேசும். அந்தப் பேச்சுக்காகவே நான்கு மூலையிலும் சும்மா கம்பி நட்டு, அடியில் கொஞ்சம் காங்கிரீட் போட்டு வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே நோயில் போய்ச்சேர்ந்தார். மதினி அந்தக் கம்பிகளை நம்பினார். துருப்பிடிக்கக் கூடாதென்று தன் சேலையைக் கிழித்துச் சுற்றிவைத்தார்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், மாடியில் ஓர் அறை வேண்டும் என்றார் மதினி. நான் ராஜபாளையத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் படம் வரைகிறவன். மாடி எழுப்ப நகராட்சி அனுமதி வேண்டும், அதற்கு முன்னால் இன்ஜினியர் வந்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். ஆனால் தொழிலில் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. அனுமதிக்கு ஒரு படம். கட்டுவதற்குக் கொத்தனார் வாய்ச்சொல். மதினி போனில் அனுப்பிய போட்டோவில் கம்பி தெரிந்தது. போதும் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே நான்கு தூண்களை அஸ்திவாரம் வரைக்கும் கோடு பிசகாமல் இறக்கினேன். இன்ஜினியர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அனுமதி வந்தது. பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம். நான் போகவில்லை.

மாடித் தளம் போட்டு, காங்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்த வாரத்தில் மதினி போன் செய்தார். "கொழுந்தனாரே, அடுப்படி நிலைக்கு மேல நூலு மாதிரி ஒரு கோடு ஓடுது. செத்த வந்து பாத்துட்டுப் போங்க." கொத்தனார் என்ன சொன்னார் என்று கேட்டேன். பாரம் ஏறினால் சுவர் கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்று சொல்லி, சிமெண்டைக் கரைத்துத் தடவிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். மதினி சிரித்தார். "ஊரு முச்சூடும் படம் போடுறீக. எங்க வீட்டை மட்டும் போனுலயே பாத்துக்கிடுவீகளோ?"

சனிக்கிழமை காலை அவர் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படிச் சுவர் பிதுங்கி இரண்டு தளமும் இறங்கின. மகள் செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். அதனால் அவளும் வயிற்றுப் பிள்ளையும் மிஞ்சினார்கள்.

கொத்தனார்மேல் கேஸ் போட்டார்கள். என் படத்தை யாரும் குறை சொல்லவில்லை. அதில்தான் நான்கு தூண் இருந்ததே. படத்தின்படி கட்டவில்லை என்று எழுதி முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். விதியாவது மண்ணாவது. கடப்பாரையை எடுத்து மூலையில் மூன்றடி தோண்டியிருந்தால் தெரிந்திருக்கும். இடிபாட்டை அள்ளும்போது இந்தக் கம்பி என் கையோடு வந்தது. இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இன்றும் போன் அடித்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் கேட்கிறது.

போன மாதம் பிள்ளையின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க அண்ணன் மகள் ஆபீசுக்கு வந்தாள். பேச்சுவாக்கில், தன் வீட்டு நடுச்சுவரை எடுக்க நினைத்ததாகச் சொன்னாள். நாளைக்கே நான் வந்து பார்க்கிறேன் என்று எழுந்தேன். "வேண்டாம் சித்தப்பா. இந்தத் தடவை நேருல வந்து பாக்குற ஆளா வச்சுக்கிட்டோம். அவரு எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. எடுக்கல."

அப்போதுதான் அவள் பார்வை மேசைக்கு அடியில் போனது. சேலைத்துணியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடியிலிருந்த சாம்பல் நிறத்தின்மேல் கையை விரித்து வைத்தாள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் அது அடங்கிவிட்டது.

"அம்புட்டுத்தானா சித்தப்பா?"

நான் அவள் விரல்களையே பார்த்தேன். அம்புட்டுத்தான், தாயி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.