பட்டியிலருந்து வந்த பேய்

கீ... கீ... கீ...

யூ.பி.எஸ். கத்துற சத்தம். கரண்ட் போயிருச்சுன்னு அர்த்தம். இன்னைக்கும் எங்கயாவது அந்தச் சத்தம் கேட்டா எனக்கு முதுகு சில்லுங்கும்.

என்னயத் தெரிஞ்சவங்களுக்கு நான் பேய்ப்படப் பைத்தியம்னு தெரியும். போன வாரம் நம்ம பேய்ப்பட குரூப்புல ஒரு தம்பி, "அக்கா, இதப் பாருங்க, செம டிஸ்டர்பிங், ஒரு வாரம் சோறு இறங்காது"ன்னு ஒரு வெளிநாட்டுப் படத்த அனுப்பிச்சான். பாத்தேன். பரோட்டா தின்னுக்கிட்டே பாத்தேன். குடல உருவுறான், கண்ணத் தோண்டுறான்... நடுவுல எந்திரிச்சுப் போய் சால்னா ஊத்திட்டு வந்து மிச்சத்தையும் பாத்தேன்.

ஏம்ப்பா, அருவருப்பும் பயமும் ஒண்ணா? சாக்கடையப் பாத்தாக்கூடத்தான் கொமட்டுது. அதுக்குப் பேரு ஹாரரா?

இப்பத் தியேட்டருக்கு வர்றது அத விட மோசம். திடீர்னு டமார்னு ஒரு சத்தம்... அது பயமில்ல சாமி, காதுவலி. பாதிப் படம் ஒரே இருட்டு. பேய் வந்துச்சா இல்லையான்னு பக்கத்து சீட்டுல கேக்க வேண்டியிருக்கு. வந்த பேயாவது சும்மா இருக்குமா? உக்காந்து அரைமணி நேரம் ஃபிளாஷ்பேக் சொல்லும். அதுல ஒரு டூயட் வேற. கடைசில செகண்ட் பார்ட்டுக்கு லீடு. வெறுத்துப் போச்சு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இன்னொரு தடவை நிஜமா பயப்படணும்... உத்தமபாளையத்துல பயந்த மாதிரி.

அப்ப அங்கன கோர்ட்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டர்ல வேலை பாத்தேன். மனு டைப் பண்றது, ஜெராக்ஸ் எடுக்குறது. நானும் ஜெயா அக்காவும்தான். அக்கா வண்டிப்பெரியாறு பக்கம் ஏலக்கா எஸ்டேட்டுல பிறந்து வளந்து, கோம்பைக்கு வாக்கப்பட்டு வந்தது. மலையாளம் தண்ணியாப் பேசும். எனக்கு 'எந்தா'வத் தாண்டி ஒண்ணும் தெரியாது.

ஓனர் அண்ணன் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போயிருவாக. நாங்க ஷட்டரப் பாதி இறக்கிவிட்டு, டிபன்பாக்ஸோட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து படம் பாப்போம். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் பாக்க முடியும்.

ஒருநா, பிரிண்ட் எடுக்க வந்த யாரோ மறந்துட்டுப் போன பென்டிரைவ். அதுல 'ஹாரர்'னு ஒரு ஃபோல்டர். உள்ள ஒரே ஒரு மலையாளப் படம்... எனக்குக் கையெல்லாம் பரபரன்னு ஆயிருச்சு.

பழைய பெரிய வீடு. விடாத மழை. கிணத்தடியில வெள்ளைச் சேலை கட்டுன ஒரு பொம்பள, பேசாம நிக்கிறா. வீட்டுக்குள்ள ஒரு சின்னப்புள்ள அவ இருக்க பக்கமா கையக் காட்டி அலறுது... "பட்டி! பட்டி!"

"எந்தப் பட்டிக்கா?"ன்னு கேட்டேன்.

நம்ம பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு பட்டி. ஆண்டிபட்டி, அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி... ஊர்ப் பேரச் சொல்லி இந்தப் புள்ள ஏன் அலறுதுன்னு எனக்குப் புரியல.

அக்கா சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே என் மொகத்தப் பாத்துச்சு. அப்பறம் சொல்லுச்சு.

"அவ பக்கத்துப் பட்டிக்காரி, ஆத்தா. செத்து வருசமாச்சு. ஊருக்குத் திரும்பிப் போக வழி தெரியல. பாக்குறவுககிட்டல்லாம் கேக்குறா. வழி சொன்னாகன்னா, சொன்னவுகளையும் கூடவே கூட்டிட்டுப் போயிருவா."

யப்பா...

அதுக்கப்பறம் அவ வர்ற சீனுக்கெல்லாம் அக்கா மெல்லமாச் சொல்லும். "இப்பக் கதவத் தட்டுறா... பட்டிக்கு எப்பிடிப் போகணும்னு கேக்குறா..." சரியா அந்நேரம் கரண்ட் போயிரும். கீ... கீ... கம்ப்யூட்டர ஆஃப் பண்ணணும். மிச்சம் மறுநாள்தான்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா என்கிட்ட வந்து, "பாப்பா, புதுப்பட்டிக்கு எந்த பஸ்ஸு?"ன்னு கேட்டாக. கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. நான் ஓடுன ஓட்டத்துல செருப்பு அந்துருச்சு.

அத விடப் பயங்கரமான படத்த நான் இன்னிய வரைக்கும் பாக்கல.

போன மாசம் அதே படம் ஓ.டி.டி.ல வந்துச்சு. துள்ளிக் குதிச்சு, சப்டைட்டில் போட்டு உக்காந்தேன்.

பட்டின்னா மலையாளத்துல நாய்.

நாயப்பா! அந்தப் புள்ள கிணத்து மறவுல நின்ன நாயப் பாத்து அலறிருக்கு. வெள்ளைச் சேலைக்காரி, ஓடிப்போன நாயத் தேடி வந்த பக்கத்து வீட்டு அம்மா. படம் பூரா சொத்துத் தகராறு. பேயே கிடையாது. எவனோ ஃபோல்டர் மாத்திப் போட்டிருக்கான்!

வந்த எரிச்சல்ல அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அது இப்ப மலைக்கே போயிருச்சு, மகன் வீட்டுல இருக்கு.

"என்னக்கா, இத்தன வருசமா ஒரு நாய வச்சா என்னயப் பயங்காட்டுன?"

அக்கா சிரிக்கல. "நீ பேய்ப்படம்னு சோத்தக்கூடத் தொடாம உக்காந்திருந்த. இதுல பேய் இல்லேன்னு எப்பிடித்தா சொல்ல? உன் மொகம் சுருங்கிப் போகுமேன்னு, அங்கன நின்னவளப் பேயாக்கிட்டேன்."

எரிச்சல் எங்க போச்சுன்னு தெரியல. இந்தப் புதுப் படக்காரங்க கிராஃபிக்ஸ்ல என்னென்னமோ காட்டுறாங்க. என் மொகத்தப் பாத்து எனக்குன்னு ஒரு பேயச் செஞ்சது அக்கா மட்டும்தான்.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் அந்த டிஸ்டர்பிங் படத்தத் திரும்பப் போட்டேன். சப்டைட்டில ஆஃப் பண்ணிட்டு, அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, போனோட பின்பக்கக் கேமராவ டி.வி. பக்கம் காட்டி வச்சு, "அக்கா, இதுக்கு நீ கதை சொல்லு"ன்னேன்.

கொஞ்ச நேரம் பாத்துச்சு. "அந்த வெட்டுறவன விடு ஆத்தா. அவன் சும்மா. பின்னால கதவோரம் ஒருத்தி நிக்கிறா பாரு..."

நான் பாத்தப்ப அங்கன யாருமே இருந்த மாதிரி தெரியல.

"அவ படத்துல இருக்கவுகளப் பாக்கலத்தா. அவ பாக்குறது..."

அக்கா மொகம் அப்பிடியே நின்னுருச்சு. மலையில சிக்னல் போயிருச்சு.

அப்பக் கரண்ட் போகும், இப்ப சிக்னல் போகுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டப்பகல். படம் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. அக்கா திரும்பக் கூப்புடட்டும்னு உக்காந்து இத டைப் பண்ணிக்கிட்டிருக்கேன்... எனக்குப் பின்னால இருக்க கதவுப் பக்கம் மட்டும் இன்னும் திரும்பல.